டர்போ பிக்கப்பில் ட்ரெய்லர் இழுப்பது: என்ன தாங்கும், எது முதலில் போகும்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஏற்றிய நிலையில் 7,500 பவுண்டு வரும் டிராவல் ட்ரெய்லரை அமெரிக்க மலைச்சாலைகளில் இழுக்க வேண்டும். ஃபோர்டு ஈகோபூஸ்ட், டொயோட்டா டண்ட்ரா, ராம் ஹரிகேன் என்று டர்போக்கள்தான் பெருகிவிட்டன. சின்ன இன்ஜின் இவ்வளவு பாரத்துக்குத் தாங்குமா, அல்லது பழைய வி8 ஒன்றைத் தேடிப் பிடிப்பது நல்லதா?

இழுப்பதில் டர்போதான் மேல். அதில் சந்தேகமே வேண்டாம். நீடித்து உழைக்குமா என்பதற்கு மட்டும் "டர்போவா, வி8-ஆ" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த இன்ஜின், எந்த வருட மாடல், அதில் எந்தப் பாகம் போனது என்று பார்க்க வேண்டும். இதற்கு நடுவே இன்னொரு விஷயமும் இருக்கிறது: உங்கள் கணக்கில் இன்ஜின் திணறுவதற்கு முன்பே வண்டியின் பேலோடு, அதாவது ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடை, தீர்ந்துவிடும். மூன்றையும் சொல்கிறேன்.

முதலில் இழுவை. ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பின் 2021 மாடலில் 3.5 லிட்டர் ஈகோபூஸ்டும் 5.0 லிட்டர் வி8-உம் இரண்டுமே 400 குதிரைத்திறன்தான். ஆனால் ஈகோபூஸ்ட் 3,100 ஆர்பிஎம்மிலேயே 500 பவுண்டு-அடி டார்க் தருகிறது; வி8-இன் உச்சம் 410, அதுவும் 4,250 ஆர்பிஎம்மில். 3,100 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டால் ஈகோபூஸ்டிடம் 295 குதிரைத்திறன் கையில் இருக்கும். வி8 தன் உச்ச டார்க்கை அந்த வேகத்திலேயே கொடுத்துவிடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 242-ஐத் தாண்டாது.

இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 14,000 பவுண்டு, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 60 மைல் என்று வையுங்கள். பாரத்தை மேலே தூக்க மட்டும் 134 குதிரைத்திறன் வேண்டும். உயரமான டிராவல் ட்ரெய்லர் என்றால் காற்றுத் தடைக்கு ஏறத்தாழ 75, டயர் உருள்வதற்கு 25. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் இன்ஜின் 265-270 கொடுக்க வேண்டும். டர்போ 3,000 ஆர்பிஎம் சொச்சத்தில் அதைக் கொடுத்துவிடும். வி8-உம் கொடுக்கும், ஆனால் இரண்டு கியர் இறங்கி 4,000-க்கு மேல் சத்தம் போட்டுக்கொண்டு கொடுக்கும். கெடுதல் ஒன்றுமில்லை, காதுக்குத்தான் களைப்பு.

உயரம் கூடக்கூட இடைவெளி பெரிதாகும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடியில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 71 சதவீதம் அளவுதான். டர்போ இல்லாத 400 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே 285 பக்கம் இறங்கிவிடும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றை அழுத்தி, குறைந்ததில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். அந்த ஈட்டுக்கு விலை உண்டு, அது வெப்பம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? இப்போது எஃப்-150 போன்ற அரை-டன் பிக்கப்கள் எல்லாம் எஸ்ஏஈ ஜே2807 என்ற ஒரே தரப்படி அளக்கப்படுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம், 11.4 மைல் தூரம், வெளியே குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏசி முழு வேகத்தில். அதில் வேகம் 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது, எதுவும் சூடேறி நிற்கவும் கூடாது. சமதளத்தில் 60 மைல் வேகத்தை 30 வினாடிக்குள் எட்ட வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பிக் காட்ட வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டில் இரண்டு பேர். பிள்ளைகள், சைக்கிள், கூலர், கருவிப் பெட்டி எதுவும் கிடையாது.

டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் எண் அது. பனோரமிக் கூரை, பவர் படிக்கட்டு, பெரிய சக்கரம் உள்ள உயர்ந்த டிரிம்களில் (வசதி வகைகளில்) அது 1,400-1,600 வரை இறங்கிவிடும். அதே மாடலின் சாதாரண டிரிம்மில் 1,900-க்கு மேலும் இருக்கலாம். உங்கள் ட்ரெய்லர் 7,500 பவுண்டு என்றால் ட்ரெய்லரைக் கோர்க்கும் ஹிட்ச் மேல் உட்காரும் எடை 10 முதல் 15 சதவீதம். 13 என்று வைத்தால் 975. எடையைப் பகிரும் ஹிட்ச் 90. நான்கு பேர் குடும்பம் 560. மொத்தம் 1,625. ஸ்டிக்கரில் 1,560 என்றால் பின்பெட்டியில் ஒரு தண்ணீர் கேனைக்கூட வைக்காமலே எல்லையைத் தாண்டியாயிற்று. அந்த வண்டியின் விளம்பர இழுவை எண் 11,000 பவுண்டாக இருந்தாலும் இதுதான் நிலை.

ட்ரெய்லர் பிரசுரத்தில் போட்டிருக்கும் காலி எடையை நம்ப வேண்டாம். பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாத்திரம், துணிமணி சேர்ந்தால் 1,000-1,500 பவுண்டு சுலபமாக ஏறும். 30 கேலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு. லாரி எடைமேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில் மூன்றும் தனித்தனியாக வேண்டும். அந்தச் சீட்டில் வரும் உண்மை எந்தக் கையேட்டிலும் வராது.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும் இன்னொரு எல்லை, ட்ரெய்லரின் முன்பரப்பு. எஃப்-150-இன் பெரும்பாலான அமைப்புகளுக்கு ஃபோர்டு 60 சதுர அடி என்று வைத்திருக்கிறது. 8 அடி அகலத்தில் 9 அடி உயரப் பெட்டி என்றாலே 72 ஆகிவிடுகிறது. எடை எல்லைக்குள் இருக்கும், ஆனால் காற்றைத் தள்ளும் வேலை இன்ஜினைக் கொதிக்க வைக்கும். 60 மைலிலிருந்து 70-க்குப் போனால் காற்றுத் தடைக்கான குதிரைத்திறன் ஏறத்தாழ 60 சதவீதம் கூடும். மேலே சொன்ன 75 கிட்டத்தட்ட 120 ஆகும். இன்ஜின் ஆயுளுக்கு நீங்கள் செய்யக்கூடிய மலிவான நல்ல காரியம் 62-63 மைலில் ஓட்டுவது. ட்ரெய்லருக்கான எஸ்டி வகை டயர்கள் பலவற்றுக்கும் உச்ச வேகம் 65 மைல்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி வெப்பம். டர்போ இன்ஜினின் நன்மையும் தொல்லையும் இங்கேதான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது டர்போ காற்றை அழுத்துகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கும், ஆனால் வெளிக்காற்றே 100 டிகிரி, வண்டியும் மெதுவாகப் போகிறது என்றால் அதனால் முடிந்தது அவ்வளவுதான். சூடான காற்று சிலிண்டருக்குள் போனதும் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டு, கம்ப்யூட்டர் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தாமதமாக எரிந்தால் சக்தி குறையும், எரிந்த வாயு இன்னும் சூடாக எக்ஸாஸ்ட் வழியே டர்போவின் டர்பைனுக்குப் போகும். டர்பைன் உருகாமல் இருக்க கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றி வாயுவைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் மைலேஜ் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சக்தி குறைந்ததால் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பீர்கள், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும், காற்று இன்னும் சூடாகும்.

இந்தச் சுற்றை அறுப்பதற்கு இரண்டு வழி. ஒன்று பெட்ரோல். ஈகோபூஸ்ட் 87 ஆக்டேனில் ஓடும். அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். வெயிலில் ட்ரெய்லர் இழுக்கும் நாளில் 91 அல்லது 93 போடுங்கள். ஃபோர்டின் கையேடே அதைத்தான் பரிந்துரைக்கிறது. சக்தி ஓரளவு கூடும் என்பதைவிட, இக்னிஷன் பின்வாங்காமல் இருப்பதால் எக்ஸாஸ்ட் வெப்பம் கட்டுக்குள் இருப்பதுதான் பெரிய லாபம்.

இரண்டாவது ஆர்பிஎம். குறைந்த வேகத்திலேயே நிறைய டார்க் கிடைக்கிறதே என்று 1,800-2,000 ஆர்பிஎம்மில் உயர் கியரில் இழுத்துக்கொண்டு போவது இந்த இன்ஜினுக்கு மிக மோசமான பழக்கம். சிலிண்டர் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், தண்ணீர் பம்பும் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். குறைந்த வேக முன்னெரிப்பு என்று ஒரு கோளாறு உண்டு. ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஆயில் துளியோ படிவோ தீப்பிடித்து, ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பகுதியை உடைத்துவிடக்கூடியது. அது வருவதும் இந்த நிலையில்தான். பாரம் இழுப்பதற்கென்று உள்ள டோ/ஹால் பட்டனை அழுத்துங்கள், மேல் கியர்களைப் பூட்டி வையுங்கள், ஏற்றத்தில் 3,000-3,800 ஆர்பிஎம்மில் விடுங்கள். சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அந்த வேகத்தில் இன்ஜின் நிம்மதியாக இருக்கிறது.

டேஷ்போர்டு முள்ளை முழுதாக நம்ப முடியாது. பல வண்டிகளில் உண்மையான வெப்பம் இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். பழுதறிவதற்கான ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகி, கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில், இன்ஜினுக்குள் போகும் காற்று மூன்றின் வெப்பத்தையும் எண்ணாகப் பாருங்கள். கூலன்ட் 230 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி 45-50 மைலுக்கு வாருங்கள், ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம்மை 3,500 பக்கம் வைத்திருங்கள், ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். ஏறி முடித்ததும் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டாம். டர்போவின் நடுப்பகுதியில் கூலன்ட் ஓட்டம் இருப்பதால் பழைய டர்போக்களைப் போல ஆயில் உடனே கருகாது என்றாலும், ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டால் டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நல்லது.

இறக்கத்தில் டர்போ பெட்ரோல் இன்ஜின் பலவீனமானது. 3.5 லிட்டர் இன்ஜினின் பிரேக் பிடிப்பு 5.7 அல்லது 6.2 லிட்டரோடு ஒப்பிட முடியாது. சரிவு தொடங்கும் முன்பே கியரை இறக்குங்கள், 4,500 ஆர்பிஎம் வரை விடலாம். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், வேகம் கூடும்போது அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைப் பாரம் ஏற்றிய பிறகு காலி இடத்தில் 20-25 மைலில் சோதியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் சரி.

ஆயில் விஷயத்தில் கறாராக இருங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலில் கலந்தே தீரும். சின்னச் சின்ன தூரம் ஓடி, இன்ஜின் முழுதாகச் சூடாகாமலே நின்றால் அதிகம் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனாலும் பெட்ரோல் வாடை அடித்தாலும் அதுதான் காரணம். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டைமிங் செயினையும் தேய்க்கும். கம்ப்யூட்டர் 10,000 மைல் வரை போகலாம் என்று சொன்னாலும் இழுக்கும் வண்டிக்கு 5,000 மைல் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. கேனில் ஏபிஐ எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் என்று இருக்க வேண்டும். 2020-இல் வந்த எஸ்பி தரம் மேலே சொன்ன முன்னெரிப்பைத் தடுப்பதற்கான சோதனையை உள்ளடக்கியது. பழைய எஸ்என் ஆயில் மலிவாகக் கிடைத்தாலும் ஊற்ற வேண்டாம். ஸ்பார்க் பிளக்கையும் கையேட்டுக் கணக்குக்கு விடாமல் 40,000-50,000 மைலில் மாற்றுங்கள். பூஸ்ட் அதிகமாக இருக்கும்போது தேய்ந்த பிளக்கின் இடைவெளியை ஸ்பார்க் தாண்டாது. சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் திக்கித் திணறினால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடுத்தது இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப்: உஸ் என்று சத்தம், பூஸ்ட் குறைவு என்ற பி0299 கோடு, இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுதான். சக்தி கூட்டும் சாஃப்ட்வேர் ட்யூன்களை இழுவைக்கு ஓட்டும் வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இனி, உண்மையில் எவை உடைந்தன என்று பார்ப்போம். டர்போ என்ற பொதுப் பழியை இந்தப் பட்டியல் அப்படியே ஏற்காது.

டண்ட்ராவின் 2022 மாடலில் வந்த இரட்டை டர்போ வி6-இல் தயாரிப்பின்போது உலோகத் துகள் உள்ளேயே தங்கி கிராங்க்‌ஷாஃப்ட் மெயின் பேரிங்கைக் கெடுத்தது. 2024 மே மாதம் லெக்சஸ் எல்எக்ஸ் உட்பட ஏறத்தாழ 1,02,000 வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது. 2025 நவம்பரில் மேலும் 1,27,000 அளவில். டர்போ எதுவும் செய்யவில்லை, பழுது அடியில் இருக்கும் பேரிங்கில். ஃபோர்டின் 2.7 மற்றும் 3.0 ஈகோபூஸ்டில் 2021-22 மாடல்களில் இன்டேக் வால்வின் உலோகக் கலவை சரியில்லாமல் வால்வே முறிந்தது. 2024-இல் 90,736 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2021 அக்டோபரில் கலவை மாற்றப்பட்டது. 3.5 ஈகோபூஸ்டில் 2017-20 மாடல்களின் தொல்லை, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர்: இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி கடகட என்று அடிக்கும். நடுரோட்டில் உடனே நிறுத்திவிடாது, ஆனால் சரிசெய்யக் கூலி அதிகம்.

இப்போது மறுபக்கம். ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8-இல் டர்போ கிடையாது. கனெக்டிங் ராடு, கிராங்க்‌ஷாஃப்ட் குறைபாட்டுக்காக 2021-24 மாடல்களில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,00,000 வண்டிகள் 2025 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டன. சோதனையில் தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னார்கள். வி8 என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டர்போவின் வெப்பத்தால் நேரடியாக வரும் பழுதுகளும் உண்டு. 3.5 ஈகோபூஸ்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வளைந்து அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் (போல்ட்) முறியும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் மறையும் சத்தம் அதன் அடையாளம். நிறைய இழுத்த வண்டிகளில் இது அதிகம். 2011-13 மாடல்களில் ஈரமான வானிலையில் இன்டர்கூலருக்குள் தண்ணீர் தேங்கி, திடீரென மிதித்தால் மிஸ்ஃபயர் ஆகும். முதல் தலைமுறை ஈகோபூஸ்டில் ஆயில் சரியாக மாற்றாத வண்டிகளின் டைமிங் செயின் நீண்டுவிடும்.

உங்கள் தேவைக்கு என் தேர்வைச் சொல்கிறேன். ஆண்டுக்கு நாலைந்து முறை 7,500 பவுண்டு இழுக்க, 2021-க்குப் பிந்தைய 3.5 ஈகோபூஸ்ட் எஃப்-150, பேலோடு 1,800-க்கு மேல் இருக்கும் எளிய டிரிம்மில், பெரிய ரேடியேட்டர் வரும் டோயிங் பேக்கேஜோடு. டண்ட்ரா வேண்டுமென்றால் இன்ஜின் மாற்றப்பட்டதா என்ற ஆவணத்தோடு. ராமின் 3.0 ஹரிகேன் 420 மற்றும் 540 குதிரைத்திறனில் அற்புதமாக இழுக்கிறது, ஆனால் பிக்கப்பில் 2025 மாடலில்தான் வந்தது. 1,50,000 மைல் ஓடிய வண்டிகள் போதுமான அளவு வரும்வரை நீண்ட வாரண்டி இல்லாமல் வாங்கச் சொல்ல மாட்டேன். செவ்ரோலேயின் 2.7 நான்கு சிலிண்டர் டர்போ 430 பவுண்டு-அடி தருகிறது. 5,000-6,000 பவுண்டு வரை நல்ல தேர்வு, உங்கள் ட்ரெய்லரோடு மலையில் மூச்சு வாங்கும். மாதத்தில் பல நாள் 10,000 பவுண்டு இழுப்பவர் என்றால் அடுத்த பெரிய வகையான முக்கால்-டன் டீசல் பிக்கப்புக்கே போங்கள். டர்போவை வைத்தே பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றே அந்த விலைக்குச் சமம். டீசலிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2011-16 டியூராமேக்ஸிலும் 2019-20 ராம் கம்மின்ஸிலும் இருந்த பாஷ் சிபி4 ஹை-பிரஷர் பம்ப் உடைந்தால் உலோகத்தூள் முழு எரிபொருள் அமைப்பையும் கெடுத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு ரீகால் நிலுவை பாருங்கள். முந்தைய நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, காலையில் நீங்களே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஃபேஸர், மேனிஃபோல்டு இரண்டும் முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆயிலைச் சிறு புட்டியில் எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். ஈயமும் செம்பும் சேர்ந்து கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. பெட்ரோல் கலப்பு 3 சதவீதத்துக்கு மேல் என்றால் வண்டி சின்னச் சின்ன தூரமே ஓடியிருக்கலாம் அல்லது இன்ஜெக்டர் கசியலாம். விற்பவர் ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சம்மதித்தால் அதை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.